பரணில் ஏறிய மருந்துப் பெட்டி

முதன்முறையாக விமானம் ஏறியபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. அட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நூலகம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கையில் ஒரு சிறிய நீலப் பெட்டி இருந்தது. அதிலும் கைப்பையிலுமாக எட்டு வேளைக்கான மருந்தும் பதினாறு ஊசிகளும். சேரவேண்டிய ஊர் கிளாவரை. பழனிமலையின் மேல்தட்டில், கேரள எல்லையை ஒட்டிய சிற்றூர். அங்கே என் அண்ணன் இருக்கிறார்.

ஊசி எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் குருதி எளிதில் உறைவதில்லை. உறைவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை என் உடல் பிறவியிலிருந்தே உண்டாக்கவில்லை. பிறருக்கு ஒரு நாளில் மறந்துபோகும் சிராய்ப்பு எனக்கு ஒரு வாரம் நிற்கும். முழங்கால் இடித்தால் மூட்டுக்குள் குருதி கசிந்து வீங்கும். முன்பெல்லாம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், யாரோ கொடுத்த பிளாஸ்மா சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை படுத்திருப்பேன். இப்போது அந்தப் புரதமே தூளாகக் குப்பியில் கிடைக்கிறது. வாரத்துக்கு இருமுறை அதை நீரில் கரைத்து, கைநரம்பில் நானே ஏற்றிக்கொள்கிறேன்.

எனக்குப் பத்து வயதானபோது, புதிதாக மணமான அண்ணன், மதினி வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். தோட்டத்தில் பாதிப்பேர் அந்த ஆண்டுகளில் அப்படிப் போனார்கள். எங்கள் பெற்றோருக்கும் போக வழி இருந்தது. என் குருதியை அறிந்த ஆஸ்பத்திரியை விட்டு வரமாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டார். அண்ணன் அதைப்பற்றி ஒருநாளும் ஒரு சொல் பேசியதில்லை. பெற்றோரின் சாவுக்கு வந்துபோனார். என்னை மட்டும் வரவேண்டாம் என்றே சொல்லிவந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரைவரை இறங்க வேண்டும், பாதை மோசம், நீ தாங்கமாட்டாய் என்பார்.

சென்ற ஆண்டு அவருக்குக் கண்ணில் அறுவை நடந்தபிறகு நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் தொலைபேசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பதினொரு நாள். இடையில் உன் மருந்து எட்டாதபடி ஏதாவது நடந்தால் அன்றைக்கே வண்டி வைத்து மதுரையில் இறக்கிவிடுவேன், அப்படியே ஊருக்குப் போய்விட வேண்டும், பிறகு வருகிற பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பதினொரு நாளும் எனக்கு முழுதாக வேண்டியிருந்தன.

என் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கண்டிப்பானவர். மருந்தைச் சரக்கறைக்கு அனுப்பும் பயணப்பையில் வைக்கக்கூடாது. அங்கே உறைந்தாலும் கெடும், பை தொலைந்தாலும் போச்சு. ஒரு வேளை மருந்து எப்போதும் பெட்டியிலிருந்து தனியாகக் கைப்பையில் இருக்க வேண்டும். மூன்று பிரதி கடிதம் தந்தார். அதில் நோயின் பெயர், மருந்தின் பெயர், ஊசிகளின் எண்ணிக்கை, குளிர்ப்பொதிகள் இரண்டு என்பதுவரை எழுதியிருந்தார்.

குளிர்ப்பொதியை எதற்கு எழுதினார் என்பது கொழும்பு விமான நிலையத்தில்தான் விளங்கிற்று. சோதனை மேசையில் இருந்த இளம்பெண் ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு குளிர்ப்பொதியை விரலால் அழுத்தினாள். அது பாதி உருகியிருந்தது. இரண்டாம் முறை அழுத்தினாள்.

“கட்டியாக இருந்தால் விடலாம். இது தண்ணீர் மாதிரி இருக்கிறதே” என்றாள் சிங்களத்தில்.

மேலதிகாரி வந்தார். கடிதத்தை இருமுறை படித்தார். குளிர்ப்பொதி என்ற இடத்தில் விரலை வைத்து அவளிடம் காட்டினார். பிறகு என்னிடம், “விமானத்துக்குள் ஊசி போடுவீர்களா?” என்று கேட்டார்.

“தேவைப்பட்டால்.”

“தேவைப்படாமல் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கலைந்து கிடந்த குப்பிகளை அவரே பெட்டிக்குள் அடுக்கினார். ஊசிகள் ஒருபக்கம், மருந்து நடுவில், பொதிகள் மேலும் கீழும். நான் அடுக்கியதைவிட நேர்த்தியாக இருந்தது.

விமானப் பணிப்பெண் பெட்டியை முன்னால் உள்ள குளிரறையில் வைக்கட்டுமா என்று பரிவோடு கேட்டாள். வேண்டாம் என்று காலடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் மதுரைக்குச் சேலை எடுக்கப் போகும் கொழும்பு வியாபாரி அம்மா ஒருவர். பெட்டியைப் பார்த்தார்.

“சீனி வருத்தமா? எனக்கும் அதுதான். பதினைஞ்சு வருஷம்.”

இது வேறு நோய் என்று பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டார். “என்னவா இருந்தாலும் இனிப்பைக் குறைக்க வேணும்” என்று சொல்லி, தட்டில் எனக்கு வந்த கேக் துண்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு எனக்குச் சீனியில்லாத தேநீரும் சொன்னார். வேறுவழியின்றி அந்தப் பயணம் முழுவதும் சர்க்கரை நோயாளியாகவே இருந்தேன்.

சன்னலுக்குக் கீழே கடல் தெரிந்தது. அண்ணன் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே கடந்த கடல் அது. நான் அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கடந்துவிட்டது. அட்டனிலிருந்து கண்டிக்குப் பேருந்தில் போக இதைவிட அதிக நேரமாகும்.

மதுரையில் சுங்கத்து இளைஞர் கடிதத்தைப் படித்துவிட்டு, “நீங்களே குத்திக்குவீங்களாம்மா? எனக்கெல்லாம் பாத்தாலே மயக்கம் வரும்” என்று சொல்லி, பெட்டியைத் திறக்காமலே நகர்த்திவிட்டார்.

வெளியே மதுரை வெயிலில் அண்ணன் கம்பளிச் சட்டையும் குல்லாயுமாக நின்றார். மலையிலிருந்து விடிகாலையில் இறங்கியவர் கழற்ற மறந்துவிட்டார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். கிளாவரைக்காரரான சின்னச்சாமியின் ஜீப்பில் மலையேறிய அத்தனை வளைவிலும் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததைவிட அவர் பெட்டியைப் பார்த்ததே அதிகம்.

“கொஞ்சம் மெதுவாப் போ சின்னச்சாமி.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னால போகும் பெரியப்பா.”

கிளாவரையில் மலைச்சரிவு படிபடியாக வெட்டப்பட்டு, படிக்கொரு பயிராக நிற்கிறது. பூண்டு, உருளை, பீன்ஸ். எங்கள் ஊரில் மலை முழுவதும் ஒரே பச்சை, தேயிலைப் பச்சை. இங்கே ஒரு சரிவிலேயே ஏழெட்டுப் பச்சை. அண்ணன் கூலிக்குப் பூண்டு பறிக்க வந்து, குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகச் சிறிது நிலம் சேர்த்தவர். மதினி என்னை வாசலில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடைசியாக அவர் பார்த்தபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை.

“நரச்சுட்டியே பாக்கியம்” என்றார்.

“நீங்களுந்தான் மதினி.”

“நான் மலைக்காத்துல நரச்சேன். நீ புத்தகம் படிச்சே நரச்சிருக்க” என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

கூடத்தில் குளிர்பதனப் பெட்டி ஒன்று சந்தனப் பொட்டோடு நின்றது. கொடைக்கானல் விடுதி ஒன்று கழித்ததை, எனக்காகவே அண்ணன் வாங்கிக் காய்கறி லாரியில் ஏற்றி வந்திருந்தார். உள்ளே ஒரு தக்காளிகூட இல்லை. மருந்துக்கு வாசம் பிடித்துவிடக்கூடாது என்று மதினி எதையும் வைக்கவில்லை. உண்மையில் அந்த ஐப்பசிக் குளிரில் கிளாவரை வீடே குளிர்பதனப் பெட்டிதான். மேசைமேல் வைத்தாலும் மருந்து கெடாது. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டின் நடுவிடம் அடுக்களைதான். அடுப்புக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் மரச்சட்டப் பரண். அதில் அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டு கட்டுக்கட்டாக, புகையேறிப் பழுப்பாகத் தொங்கியது. ஈரம் பட்டால் பூண்டு அழுகிவிடும். அடுப்புப் புகை பட்டால் அடுத்த விதைப்புவரை நிற்கும். மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு அந்தப் பரணைச் சுற்றியே வருகிறது. யார் வீட்டில் எத்தனை கட்டு, யார் வீட்டில் புகை போதவில்லை என்றே நலம் விசாரிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் எனக்கு ஊசி நாள். மேசையில் குப்பிகளை எடுத்து வைத்ததும் அண்ணன் எழுந்தார். “தோட்டத்துல சோலி கெடக்கு” என்றார். வெளியே நல்ல மழை. குடைகூட எடுக்காமல் போனார். நான் முடித்து, எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகே நனைந்து திரும்பினார்.

ஊசி போடுகிறவள் என்ற செய்தி ஊரில் பரவியது. பக்கத்து மூன்று வீடுகளில் எனக்குச் சர்க்கரையில்லாத காப்பி கிடைத்தது. “அய்யோ பாவம், இனிப்பே ஆகாதாம்” என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. மறுப்பதற்கு எனக்குத் தெம்பில்லை. மதினி செய்த பூண்டுக் குழம்பும் பட்டர் பீன்ஸ் கூட்டும் அந்தக் குறையை ஈடுசெய்தன. அண்ணன் மட்டும் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீர்தான் குடிக்கிறார்.

நான்காம் நாள் இரவு காற்றடித்து மின்கம்பி அறுந்தது. ஐந்தாம் நாள் வெள்ளனே அண்ணனும் நானும் பெரும்பாறைக்குப் பேருந்தேறினோம். முதன்முதலில் வந்து வேலைபார்த்த காப்பித் தோட்டத்தைக் காட்ட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். கைப்பையில் ஒரு வேளை மருந்து இருந்தது. மற்ற ஆறும், மூடிய குளிர்பதனப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் என்று விட்டுவந்தேன்.

பெரும்பாறையில் காப்பிச் செடிகளுக்கிடையே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கமலா ஆரஞ்சு வாசம். அண்ணன் ஒரு பழைய தொழிலாளர் குடியிருப்பின் முன் நின்றார். அடுத்தடுத்து இரண்டு கதவுகள்.

“இந்த ரெண்டும் கேட்டு வாங்குனேன். ஒன்னு எங்களுக்கு. ஒன்னு அப்பா, அம்மா, நீ வந்தா இருக்குறதுக்கு. ரெண்டு வருசம் பூட்டியே வச்சிருந்தேன். அப்புறம் தொரை மொளகு கொட்டச் சொல்லிட்டாரு.”

நான் அந்த இரண்டாவது கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கு ஓர் ஆரஞ்சை உரித்துத் தந்தார்.

திரும்பும்போது செண்பகனூரை நெருங்குகையில் பேருந்து குலுங்கி நின்றது. பாதையில் பெரிய தைலமரம் விழுந்து கிடந்தது. நின்ற வேகத்தில் என் வலது முழங்கால் முன்னிருக்கைக் கம்பியில் இடித்தது. நடத்துநர் எழுந்து நின்று கத்தினார்.

“ஏலே, அருவா வச்சிருக்கவன்லாம் எறங்குங்கலே. வெரசா.”

பேருந்தில் பாதிப்பேர் எழுந்தார்கள். சாக்கிலிருந்து, கூடையிலிருந்து, இருக்கைக்கு அடியிலிருந்து அரிவாள்கள் வெளியே வந்தன. ஒருவர் கோணிப்பைக்குள்ளிருந்து முழு ரம்பத்தையே உருவினார். கொழும்பில் என் பதினாறு ஊசியை எண்ணிய அந்தப் பெண் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று அந்த வலியிலும் நினைத்துக்கொண்டேன். மரத்தைத் துண்டுபோட்டு ஒதுக்க இரண்டு மணி நேரமானது. வெட்டியவர்கள் ஆளுக்கொரு கட்டு விறகோடு ஏறினார்கள்.

கிளாவரைக்குக் கடைசிப் பேருந்து போயிருந்தது. செண்பகனூர் சாலையோரத்தில் பஜ்ஜிக்கடை வைத்திருந்த பெண், “சீசன் இல்லல்ல, பேக் ரூம் ஃப்ரீயாத்தான் இருக்கு, ஸ்டே பண்ணிக்கங்க” என்று கடைக்குப் பின்னாலிருந்த அறையைத் திறந்துவிட்டார். என் முழங்கால் அதற்குள் சூடேறி உருண்டிருந்தது. கைப்பையிலிருந்த மருந்தை உடனே ஏற்றிக்கொண்டேன். அண்ணன் வெளியே குளிரில் நின்று, தேவையில்லாமல் மூன்று தட்டு பஜ்ஜி வாங்கினார்.

“நாளைக்கே மதுரைக்குப் போயிரலாமா?” என்றார் உள்ளே வந்ததும்.

“வேண்டாம் அண்ணே. இது நம் கைக்குள் அடங்குவது. வீட்டில் மருந்து இருக்கிறது. நாளை ராத்திரியோ மறுநாள் காலையோ இன்னொரு முறை போட்டால் வீக்கம் வடிந்துவிடும்.”

ஆறாம் நாள் நண்பகலில் கிளாவரை சேர்ந்தோம். கூடத்தில் குளிர்பதனப் பெட்டி வாய் திறந்து நின்றது. உள்ளே நீலப் பெட்டி இல்லை.

“மதினி, மருந்து எங்கே?”

“பத்திரமா இருக்கு பாக்கியம்” என்றார் மதினி பெருமையோடு. “நேத்து நீங்க போனதும் பாத்தேன். கரண்டு இல்லாம ஐஸ் உருகி, பெட்டி மேலெல்லாம் தண்ணி சொட்டுது. ஈரம் பட்டா என்னத்துக்கு ஆகும்? எடுத்து நல்லாத் தொடச்சு, பரணுல வச்சுட்டேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே, விதைப்பூண்டுக் கட்டுகளுக்குப் பின்னால், மூலையில் என் பெட்டி புகைபடிந்து உட்கார்ந்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெந்தால் திரும்பாது. என் மருந்தும் அந்த இனந்தான். வெந்த மருந்தைப் பார்த்தால் தெரியாது. ஏற்றிக்கொண்டபின் முழங்கால்தான் சொல்லும். அதுவரை மலைமேல் காத்திருக்க முடியாது. இதை நான் சொல்லி முடித்தபோது மதினியின் முகத்திலிருந்த பெருமை போய்விட்டது.

“கெடுத்துட்டேனா?” என்றார். சிறிது கழித்து, “எங்க வீட்டுல அதவிடப் பத்திரமான எடம் வேற இல்ல பாக்கியம்” என்றார்.

அது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் பெட்டியை இறக்கினார். “நான் வண்டிக்குச் சொல்றேன்” என்றார். ஒப்பந்தம் அதுதான். கிளாவரையில் கைபேசிக்கு அலை கிடைக்க மேட்டிலுள்ள கோயில்வரை ஏற வேண்டும். என் முழங்காலால் ஏற முடியாது. ஆகவே, ஊசியென்றால் மழையில் இறங்கி ஓடுகிற என் அண்ணனிடமே, டாக்டரையும் கேட்டுவரும்படி எழுதிக் கொடுத்தனுப்பினேன். அரைமணியில் மூச்சிரைக்க வந்தார்.

“சின்னச்சாமி நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வருவான். டாக்டரம்மா கேக்குறாங்க, அங்க எவ்வளவு சூடு இருந்துச்சாம்? மருந்து மேல இருவத்தஞ்சுன்னு போட்டிருக்காம். அதுக்குக் கீழன்னா பயமில்லையாம்.”

மூவரும் பரணைப் பார்த்தோம். வீட்டில் வெப்பமானி எதுவும் கிடையாது. இருந்தாலும் நேற்றைய சூட்டை அது எப்படிச் சொல்லும்?

“அந்த மூலையில ஒன்னும் சூடு இல்ல” என்றார் மதினி மெதுவாக. “எண்ணெ போத்தல அங்க வச்சுப் பாத்திருக்கேன். உருகாது. அடுப்புப் பக்கத்துல வச்சாத்தான் தலைக்குத் தேய்க்க வரும்.”

தேங்காயெண்ணெய். அந்தக் குளிரில் எப்போதும் வெள்ளையாக இறுகிக் கிடப்பது. அது இருபத்துநான்கு பாகையை ஒட்டி உருகும் என்று எப்போதோ படித்திருந்தேன். அதைச் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தலை அதே பெட்டிக்குள், அதே மூலையில் வைத்து, நேற்று எரித்த அடுப்பை அப்படியே மறுபடி எரித்தால் என்ன?

அண்ணன் மீண்டும் மேட்டுக்கு ஏறினார். இம்முறை முகம் தெளிந்து இறங்கினார். “டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. ‘செய்து பாருங்கோ. உருகாட்டி பாவிக்கலாம். கொஞ்சம் உருகினாலும் தொடாதேங்கோ, மதுரைக்குக் கொண்டு போங்கோ’ அப்பிடின்னாங்க. நல்லாப் பேசுறாங்க.”

குப்பிகளைக் கூடத்து மேசைமேல் வைத்தோம். இறுகிய எண்ணெய்ப் போத்தலை நீலப் பெட்டிக்குள் படுக்கவைத்து ஏற்றினோம்; இரவுக் குளிரில் மறுபடி உறைந்தாலும், உருகியிருந்தால் பக்கவாட்டில் வழிந்த தடம் காட்டிக்கொடுக்கும். அண்ணன் மதினியிடம் கணக்கு வாத்தியாரைப்போல் விசாரித்தார்.

“நேத்து மத்தியானம்?”

“சோறும் பீன்சும்.”

“சாயங்காலம்?”

“குளிக்க வெந்நி. அப்புறம் ரொட்டி சுட்டேன். இன்னைக்குக் காலைல தேத்தண்ணி.”

“வேற ஒன்னுமில்லையே?”

மதினி குனிந்து விறகை அடுக்கினார்.

“மருந்து விசயம் புள்ள. மறைக்காத.”

“அதிரசம் சுட்டேன்” என்றார் மதினி. “அவ ஊருக்குப் போறப்ப குடுத்தனுப்பலாம்னு. ரெண்டு மணி நேரம் அடுப்பு எரிஞ்சுச்சு.”

“சக்கரைக்காரிக்கா அதிரசம்?” என்றார் அண்ணன், ஊர்ப்பேச்சைக் கேலிசெய்து.

“அவளுக்குச் சக்கர இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். ஊசின்னா சக்கரைன்னு ஊருதான் சொல்லுது, நீயுமா?”

மீதி மாவு இருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அந்த வீட்டில் நேற்றைய நாள் மறுபடி சமைக்கப்பட்டது. அதே பானை, அதே அளவு விறகு. பசியில்லாத மூவருக்குச் சோறு வடித்தோம். பிறகு எண்ணெய்ச் சட்டி ஏறியது. நான் காலை நீட்டி, முழங்காலில் ஈரத்துணி சுற்றி, சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வோர் அதிரசமும் பொன்னிறமாகி எழும்போது மூவரின் கண்ணும் சட்டியை விட்டுப் பரணுக்குப் போய்வந்தது. குறைத்து எரித்தால் பொய்யாகிவிடும் என்று மதினி ஒரு விறகைக் கூடுதலாகவே வைத்தார். அண்ணன் சூடான அதிரசத்தை என் தட்டில் வைத்து, “தின்னு. இதுவும் பரிசோதனைதான்” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னச்சாமியின் ஜீப் வாசலில் நின்றது. நான் காலை நீட்டிக்கொள்ளப் பின்னிருக்கையில் பஞ்சு மெத்தை விரித்திருந்தான். என் துணிப்பையும் கட்டி வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் முந்தின நாளைவிடக் கனத்தது.

அண்ணன் முக்காலியில் ஏறிப் பெட்டியை இறக்கினார். மூடியைத் திறந்தார். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தார். ஓரத்திலும் அடியிலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து உறைந்த தடமும் இல்லை, ஒரு துளி அசையவும் இல்லை. மதினி போத்தலை வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார்.

நான் கைகழுவி மேசைக்கு வந்தேன். குப்பிகளைத் துடைத்தேன். இரண்டையும் இணைத்து நீரைத் தூளுக்குள் இறக்கினேன். குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். அண்ணன் எழுந்து போகவில்லை. “நான் இருக்கவா?” என்று கேட்டார். தலையசைத்தேன். தூள் கரைந்தது. குப்பிக்குள் ஒரு மாசும் இல்லை. அதன் வழியாக அண்ணனின் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. எப்போது அவர் கையை அருகில் வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

கைக்குப் பட்டை கட்டி, நரம்பைத் தொட்டுப் பார்த்து, ஊசியை இறக்கினேன். மெல்லிய குழாயில் சிவப்பு ஏறி வந்தது. அண்ணன் முகம் வெளுத்தது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. மருந்து சிறுகச் சிறுக உள்ளே போயிற்று. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். எல்லாம் சேர்ந்து ஒரு தேநீர் போடும் நேரம்.

அண்ணன் என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டளவுதான் சிவந்திருந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

“இவ்வளவுதான் அண்ணே. அப்போது இந்த மருந்து இல்லை. இப்போது இவ்வளவுதான்.”

அவர் பஞ்சின்மேல் இருந்த என் விரலை விலக்கி, தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கு வேண்டிய ஐந்து நிமிடமும் அப்படியே பிடித்திருந்தார்.

பகலுக்குள் வலி தணிந்துவிடும் என்பதை நான் உடம்பில் உணரத் தொடங்கியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். வெளியே ஜீப்பின் ஒலிப்பான் இருமுறை கத்தியது. அண்ணன் வாசலுக்குப் போனார்.

“நீ போய்ட்டுத் திங்கக்கெழம வா சின்னச்சாமி. தங்கச்சிக்கு இன்னும் நாலு நாளு இருக்கு.”

“அட என்ன பெரியப்பா, மெத்தையெல்லாம் விரிச்சு வந்திருக்கேன். வெறும் வண்டியாவா எறங்குறது?”

“வெறுமையா ஏன் எறங்குற? சந்தைக்குப் போட வேண்டிய பூண்டு ரெண்டு மூட்ட கெடக்கு. ஏத்திக்க.”

இருவருமாக மூட்டைகளைத் தூக்கிப் பின்னிருக்கையில் போட்டார்கள். எனக்காக விரித்த மெத்தையில் பூண்டு மூட்டைகள் இரண்டும் சாய்ந்து படுத்தன. சின்னச்சாமி அவற்றைத் திரும்பிப் பார்த்து, “மெதுவாத்தான் போவேன், பயப்படாதீங்க” என்று மூட்டைகளிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.